மறந்த கடவுச்சொல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை மறந்துவிட்டு, அதைத் தேடிக் கடை கடையாய் ஏறி இறங்குவோருக்கு இப்பழமொழி மிகவும் பொருந்தும். ஏனெனில், அவர்கள் தேடும் சொல் பெரும்பாலும் அவர்கள் வீட்டுக் கணினிக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தாயும் தந்தையும் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். மூத்த மகன் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, நாள்தோறும் கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வரை சென்று, பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்த்து வந்தான். தங்கையும் படிப்பின் பொருட்டு அவனுடன் தங்கினாள். வீட்டிற்கு இணையம் எடுத்தவன் அவன். கடவுச்சொல் வைத்தவனும் அவனே. பின்னர் அவனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. நடுக்கடலில் இருப்பவனிடம் நினைத்த நேரத்தில் பேச இயலாது.

இந்நிலையில், தங்கைக்குக் கல்லூரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வருகிறது. மறுநாள் காலை 9 மணிக்குக் காணொளி வழியாக அவள் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலுள்ள பழைய கணினியில் இணையம் வருகிறது. ஆனால் அதில் கேமரா இல்லை. தந்தை புதிதாக வாங்கித் தந்த கைப்பேசியில் கேமரா உண்டு. ஆனால் வீட்டிற்குள் தொலைபேசி அலை சரிவரக் கிடைப்பதில்லை. வைஃபையில் இணைக்கலாம் என்றால், அது கடவுச்சொல் கேட்கிறது.

“அப்பா, அண்ணன் என்ன வைத்தாரோ தெரியவில்லையே. மோடத்தின் பின்னால் சிறு துளை ஒன்று இருக்கிறதாம். அதில் ஊசியை வைத்து அழுத்தினால் எல்லாம் புதிதாகிவிடும் என்று பக்கத்து வீட்டு மாமா சொல்கிறார். அழுத்திவிடட்டுமா?”

“கொஞ்சம் பொறும்மா. மரத்தைப் பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது. முதலில் விசாரிப்போம்.”

அத்தந்தை சொன்னது மிகச் சரியான சொல். ஏன் சரி என்பதையும், அவர்கள் செய்ய வேண்டியது யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கணினி எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது?

செய்தித் தொடர்புக்கும் நம் தொழிலுக்கும் உள்ள உறவு புதிதன்று. 1850ஆம் ஆண்டுகளில் கடலடியில் தந்திக் கம்பிகளைப் பதித்தபோது, உப்புநீர் உட்புகாமல் அவற்றைக் காத்தது இத்தீபகற்பத்தின் காடுகளில் எடுக்கப்பட்ட ஒருவகை மரப்பாலே ஆகும். 1996இல் நம் நாட்டில் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கப்பட்டது. அப்பெருவழியில் எழுந்த புத்ராஜெயா, முன்னர் பிராங் பெசார் என்னும் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். பி.பி. 260 என்று நாம் சொல்லும் ரப்பர் இனத்தின் பெயரிலுள்ள ‘பி.பி.’ என்பது அத்தோட்டப் பெயரின் முதலெழுத்துகளே. ஆகவே, இக்கருவிகளை நமக்கு அந்நியமானவை என்று எண்ணி நாம் ஒதுங்க வேண்டியதில்லை.

வைஃபை என்பது வானொலியைப் போன்று அலைகளால் இயங்குவது. இதற்கான பொதுத் தரம் 1997இல் வகுக்கப்பட்டது; ‘வைஃபை’ என்னும் பெயர் 1999இல் வழக்கிற்கு வந்தது. வெளியிலிருந்து கம்பி வழியாக வரும் இணையத்தை, நாம் பொதுவாக மோடம் என்று அழைக்கும் சிறிய பெட்டி அலைகளாக மாற்றி வீடு முழுவதும் பரப்புகிறது. அலைக்குச் சுவர் தடையன்று. அடுத்த வீட்டாருக்கும் கீழ்த்தளத்தில் நிற்பவருக்கும் அது எட்டும். எனவேதான் கடவுச்சொல் தேவைப்படுகிறது.

கணினி ஒவ்வொரு முறை இணையும்போதும், கடவுச்சொல்லை அப்படியே அலையில் அனுப்புவதில்லை. அனுப்பினால் இடையில் இருப்போர் அதனைப் பிடித்துக்கொள்ளக்கூடும். அதற்கு மாறாக, மோடம் புதிய எண் ஒன்றைக் கணினிக்கு அனுப்புகிறது. கணினி தன்னிடமுள்ள கடவுச்சொல்லை அவ்வெண்ணுடன் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு விடையை அனுப்புகிறது. மோடமும் அதே கணக்கைத் தனியே போட்டுப் பார்க்கிறது. இரண்டு விடைகளும் ஒத்திருந்தால், “இவர் நம்மவர்” என்று கதவு திறக்கிறது. இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிகின்றன.

இக்கணக்கை ஒவ்வொரு நாளும் போட வேண்டுமாயின், கணினி கடவுச்சொல்லைத் தன்னிடம் வைத்திருக்க வேண்டுமல்லவா? ஆம். முதன்முறை நாம் தட்டிக் கொடுத்த அச்சொல்லை, பிறர் எளிதில் படிக்க இயலாத மறைவடிவில் எழுதி அது சேமித்து வைக்கிறது. பிரட்டுக் களத்தில் கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவதைப் போல, கணினியும் தன் குறிப்பைப் பார்த்தே நாள்தோறும் இணைகிறது. நாம் மறந்தாலும் அக்குறிப்பு அழிவதில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்வது நலம். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிட்டால், முறையாக நடத்தப்படும் வங்கியால் அதனை நமக்குத் திரும்பச் சொல்ல இயலாது. ஏனெனில், அங்குச் சேமிக்கப்படுவது கடவுச்சொல் அன்று. கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டு எடுத்த ஓர் அடையாளம் மட்டுமே. அமிலம் ஊற்றி உறைந்த ரப்பர்க் கட்டியை மீண்டும் பாலாக்க முடியாது என்பதை நாம் அறிவோம். அந்த அடையாளமும் அத்தகையதே. எனவே, வங்கியில் புதிய சொல் வைக்கலாமேயன்றிப் பழையதை மீட்க இயலாது. வீட்டு வைஃபையோ மங்கிலுள்ள பால் போன்றது, பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

கண்டெடுக்கும் வழி

விண்டோஸ் 11 உள்ள கணினியில் பின்வரும் முறையைக் கையாளலாம். முதலில், கணினி வீட்டு வைஃபையில் இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் ‘செட்டிங்ஸ்’ என்னும் அமைப்புப் பகுதியைத் திறக்க வேண்டும். அங்கு ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ என்பதையும், அதனுள் ‘வைஃபை’ என்பதையும் அழுத்த வேண்டும். ‘மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்’ என்னும் வரி தென்படும். அதை அழுத்தினால், அக்கணினி இதுவரை இணைந்து நினைவில் வைத்திருக்கும் இணைப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றும். நம் வீட்டு இணைப்பின் பெயரைத் தேர்ந்தெடுத்து, ‘வியூ வைஃபை செக்யூரிட்டி கீ’ என்பதற்கு எதிரேயுள்ள ‘வியூ’ என்னும் பொத்தானை அழுத்தினால், கடவுச்சொல் எழுத்தெழுத்தாகத் திரையில் தெரியும்.

சற்றுப் பழைய கணினிகளில் அவ்வரி இல்லாமலிருக்கலாம். அவ்வாறாயின் ‘கன்ட்ரோல் பேனல்’ பகுதியில் ‘நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்’ என்பதைத் திறக்க வேண்டும். இணைந்திருக்கும் வைஃபையின் பெயரை அங்கு அழுத்தினால் ஒரு சிறு கட்டம் திறக்கும். அதில் ‘வயர்லெஸ் ப்ராபர்ட்டீஸ்’, பின்னர் ‘செக்யூரிட்டி’ என்று செல்ல வேண்டும். கடவுச்சொல் இருக்குமிடத்தில் கரும்புள்ளிகள் மட்டுமே தெரியும். கீழேயுள்ள ‘ஷோ கேரக்டர்ஸ்’ என்னும் சிறு பெட்டியில் குறியிட்டால், புள்ளிகள் மறைந்து எழுத்துகள் தோன்றும். கணினியை மலாய் மொழியில் அமைத்திருப்போருக்கு இச்சொற்கள் மாறுமேயன்றி, வழி மாறாது.

கணினியை நிருவகிக்கும் உரிமை பெற்றவரின் கணக்கில் நுழைந்திருந்தால்தான் சில கணினிகள் கடவுச்சொல்லைக் காட்டும். அனுமதி கேட்டால் கணினி உரிமையாளரின் சொல்லை அங்குக் கொடுக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்குவதை நம்மில் பலர் அறிவர். திரையிலுள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையால் பார்வையற்றோரும் கணினியை இயக்குகின்றனர். அவர்களும் இதே வழியைப் பின்பற்றலாம். கடவுச்சொல்லைக் கணினி உரக்கப் படிக்குமாதலால், அவ்வேளையில் காதில் ஹெட்போன் அணிந்துகொள்வது நன்று.

வீட்டில் கணினி இல்லை, முன்பே இணைந்த கைப்பேசி மட்டும் இருக்கிறது என்றாலும் கவலையில்லை. ஆண்ட்ராய்டு 10 முதலான கைப்பேசிகளில், வைஃபை அமைப்பில் இணைப்பின் பெயரை அழுத்தி, ‘ஷேர்’ என்பதைத் தொட்டால் ஒரு சதுரக் குறியீடு தோன்றும். மற்றக் கைப்பேசியின் கேமராவால் அக்குறியீட்டைப் பார்த்தாலே போதும். எழுத்துகளைத் தட்ட வேண்டிய வேலையும் இல்லை. ஐபோனில் 2022இல் வெளிவந்த ஐஓஎஸ் 16 முதல், வைஃபை அமைப்பிலேயே ‘பாஸ்வேர்ட்’ என்பதைத் தொட்டுக் கடவுச்சொல்லைப் பார்க்கலாம். இரண்டிலும் முதலில் கைரேகையையோ முகத்தையோ திறப்பு எண்ணையோ கேட்கும். உரியவர்தாம் கேட்கிறார் என்று உறுதிசெய்து கொள்ளவே அவ்வாறு கேட்கிறது.

மேலும் ஓர் எளிய வழி உண்டு. பெரும்பாலான மோடங்களின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் சிறு தாளில், இணைப்பின் பெயரும் தொடக்கக் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். வாங்கிய நாள்முதல் ஒருவரும் அதனை மாற்றாதிருந்தால், அதுவே இன்றைய கடவுச்சொல். நாம் எடுத்துக்காட்டிய குடும்பத்தில் அண்ணன் அதை மாற்றிவிட்டதால், அச்சொல் அவர்களுக்குப் பயன்படாது.

எழுத்தில் ஏற்படும் தடுமாற்றம்

கடவுச்சொல்லைக் கண்டுபிடித்த பின்னரும், தட்டும்போது ‘தவறு’ என்று வருவதுண்டு. ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும். ‘ஓ’ என்னும் எழுத்தும் சுழியமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ‘எல்’ என்னும் சிற்றெழுத்தும், ‘ஐ’ என்னும் பேரெழுத்தும், எண் 1உம் அவ்வாறே மயக்கும். ஆகையால், திரையில் தெரிவதைத் தாளில் எழுதும்போது, எது எழுத்து, எது எண் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இம்முறைக்குச் சில எல்லைகளும் உண்டு. கணினி தான் ஒருமுறையேனும் இணைந்த வைஃபையின் சொல்லை மட்டுமே அறியும். இடையில் யாரேனும் மோடத்தில் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், கணினி வைத்திருப்பது பழைய சொல்லாகவே இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயரும் சொல்லும் கொடுத்து நடத்தும் அலுவலக, பல்கலைக்கழக இணைப்புகளுக்கும் இவ்வழி பொருந்தாது.

ஊசித் துளையைத் தொடும் முன்

இனி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஊசித் துளைக்கு வருவோம். அத்துளைக்குள் இருக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், மோடம் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். கடவுச்சொல் அழிவது உண்மையே. ஆனால் அத்துடன், இணைய நிறுவனத்துடன் தொடர்புகொள்வதற்காக உள்ளே பதிந்து வைக்கப்பட்ட பெயரும் மறைச்சொல்லும் சில மோடங்களில் சேர்ந்தே அழிந்துவிடும். பின்னர் வைஃபை இருக்கும், இணையம் இராது. நிறுவனத்தின் உதவியைக் கேட்டுக் காத்திருக்க நேரிடும். மறுநாள் காலை 9 மணிக்கு நேர்முகத் தேர்வு உள்ள பெண்ணுக்கு அது எத்தகைய இழப்பாகும்! வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் மீண்டும் ஒவ்வொன்றாக இணைக்க வேண்டிய வேலையும் உண்டு. ஆகவே, அத்துளை கடைசி வழியாக இருக்கட்டும்.

கணினி யாருக்குச் சொல்லும்?

இதுவரை கூறியவற்றை ஊன்றிப் படித்தோருக்கு ஓர் ஐயம் எழுந்திருக்கும். நமக்கு இத்துணை எளிதாகச் சொல்லும் கணினி, பிறருக்கும் சொல்லிவிடாதா? சொல்லிவிடும். கணினி ஆளைப் பார்ப்பதில்லை; முன்னால் அமர்ந்தவர் உரிமையாளரின் கணக்கைத் திறந்துவிட்டால், அவருக்கும் அது காட்டிவிடும். இதனை நாம் நன்கு மனத்தில் இருத்த வேண்டும்.

கணினியைத் திறப்பதற்கே ஒரு சொல் வைத்திருப்பது முதற்காவல். பழுது பார்க்கக் கொடுத்த கணினி திரும்பி வந்ததும் வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிடுவது இரண்டாம் காவல். பழைய கணினியையோ கைப்பேசியையோ விற்கும் முன்னர், அதிலுள்ள யாவற்றையும் முற்றாக அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருவது மூன்றாம் காவல். இதனைச் செய்யாமல் விற்பது, வீட்டுச் சாவியையும் சேர்த்து விற்பதற்கு ஒப்பாகும்.

விருந்தினர் வந்து கேட்டால் கொடுக்காமலிருப்பது நம் பண்புக்கு ஒவ்வாது. பல மோடங்களில் விருந்தினர்க்கென்று தனி வைஃபை வைக்கும் வசதி உண்டு. அதற்கு வேறு சொல் வைத்துக் கொடுத்தால், வீட்டுச் சொல் வீட்டாரிடமே இருக்கும்.

இங்குக் கூறிய முறை நம் சொந்த இணைப்புக்கும், உரியவர் இசைவு தந்த இணைப்புக்கும் மட்டுமே உரியது. அடுத்த வீட்டாரின் வைஃபையைத் திறந்து தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நம் பிள்ளைகள் தேடிச் செல்லக்கூடும். அவற்றுள் பல, நம் கணினியிலுள்ள தகவலைத் திருடுவதற்கென்றே செய்யப்பட்டவை. மேலும், பிறர் கணினியினுள் அனுமதியின்றி நுழைவதை 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக்கி, 50,000 ரிங்கிட் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்க வழிசெய்தது. விளையாட்டு என்று எண்ணிச் செய்வது வினையாகிவிடக் கூடாது.

“இணைய நிறுவனத்திலிருந்து பேசுகிறோம், கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வந்த எண்ணையும் சொல்லுங்கள்” என்று எவரேனும் அழைத்தால், ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட வேண்டும். ஏமாந்து பணம் பறிபோயிருந்தால், காலம் தாழ்த்தாமல் வங்கிக்கும், 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்னும் எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஏட்டில் எழுதி வைப்போம்

புதிதாகக் கடவுச்சொல் வைக்கும்போது சில விதிகளை மறவாதிருக்க வேண்டும். வைஃபையின் கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்துகள் கொண்டிருக்க வேண்டும். 63 வரை நீளலாம். அடையாள அட்டை எண், தொலைபேசி எண், பிள்ளைகளின் பிறந்தநாள் ஆகியவை பிறர் எளிதில் ஊகிக்கக்கூடியவை. அவற்றைத் தவிர்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால், நமக்கு நினைவில் நிற்கும். பிறர் ஊகிப்பது கடினம். மோடத்தின் அமைப்பில் பாதுகாப்பு வகையைத் தேர்ந்தெடுக்கும் இடமும் உண்டு. தொடக்கக் காலத்து ‘வெப்’ என்னும் முறையை எளிதில் உடைக்கலாம் என்று 2001இலேயே காட்டப்பட்டுவிட்டது. ஆதலால் 2004இல் வந்த ‘டபிள்யூ.பி.ஏ. 2’ அல்லது 2018இல் வந்த ‘டபிள்யூ.பி.ஏ. 3’ என்பதையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

எழுதி வைத்தால் திருடு போகுமே என்று சிலர் அஞ்சுவர். வீட்டு வைஃபையைப் பொறுத்தவரை, வெளியில் அலையைப் பிடிக்க நினைப்பவரால் நம் பெட்டிக்குள் இருக்கும் ஏட்டைப் படிக்க இயலாது. பிறப்புச் சான்றிதழும் சேமநிதிப் புத்தகமும் வைக்கும் இடத்தில் சிறு ஏடு ஒன்றை வைத்து, இணைப்பின் பெயர், கடவுச்சொல், மாற்றிய நாள் ஆகிய மூன்றையும் எழுதி வைக்கலாம். வாசலை நோக்கிய சுவரில் மட்டும் ஒட்டி வைக்கலாகாது. வங்கிக் கடவுச்சொல்லை இவ்வேட்டில் எழுதவும் கூடாது.

கணினியில் பழக்கமில்லாதோர் தங்கள் வட்டாரத்தில் நாடி எனப்படும் தகவல் மையம் இருப்பின், அங்குச் சென்று பயிலலாம். ஒருமுறை கையால் செய்து பார்த்துவிட்டால், அடுத்தமுறை எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

நாம் தொடக்கத்தில் கண்ட குடும்பத்திற்குத் திரும்புவோம். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, தந்தையும் மகளும் பழைய கணினியின் முன் அமர்ந்து மேற்கண்ட வழியில் சென்றால், சில நிமிடங்களில் அண்ணன் வைத்த சொல் திரையில் வந்துவிடும். அன்றிரவே கைப்பேசியை இணைத்து, கேமராவும் ஒலியும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்துவிட்டு, அப்பெண் நிம்மதியாக உறங்கலாம். மறுநாள் அவள் வெற்றி பெறுவது அவளது உழைப்பைப் பொறுத்தது. ஆனால் கதவு திறக்கவில்லை என்பதற்காக அவ்வாய்ப்பு தவறிப்போகாது.

பெரும்பாலான வீடுகளில் வைஃபையின் சொல்லை அறிந்தவர் ஒருவர் மட்டுமே. அவர் வேலைக்கோ வெளியூருக்கோ போய்விட்டால் வீடே தவிக்கிறது. இன்றிரவே அச்சொல்லைக் கண்டெடுத்து, ஏட்டில் எழுதி, வீட்டிலுள்ள மற்றொருவருக்கும் காட்டி வைப்போம். வரும் முன் காப்பதே அறிவுடைமை.